ஆசிரியர் வேலைநிறுத்தம்: வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 ஜனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த கையோடு, 22-ஆம் தேதி, ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ காலவரையற்ற வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. 30-ஆம் தேதிதான் கைவிட்டார்கள். பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 1-இல் தொடங்க இருந்த நேரம் அது. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரியாத பழைய வேலூர் மாவட்டத்தில், குடியாத்தம், ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் பல வீடுகளில் அந்த நாட்கள் ஒரே மாதிரிதான் போயின. "நாளைக்குத் திறந்துடுவாங்க, இன்னிக்கு ஒரு நாள் எப்படியாவது சமாளி" என்று தினமும் காலையில் சொல்லிக்கொண்டார்கள். அப்படி ஒவ்வொரு நாளாகத் தள்ளியதில் ஒரு வாரமே போய்விட்டது.

என்னைக் கேட்டால் முதல் தவறே இதுதான். மற்ற தவறுகளும் இதிலிருந்துதான் வருகின்றன. ஒருநாள் அடையாள வேலைநிறுத்தம் வேறு, காலவரையற்ற வேலைநிறுத்தம் வேறு. அறிவிப்பில் எது சொல்லப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். காலவரையற்றது என்றால் முதல் நாளே ஒரு வாரத்துக்கான ஏற்பாட்டைச் செய்துவிடுங்கள். மறுநாளே பள்ளி திறந்துவிட்டால் நல்லதுதானே.

டிவி சொல்வதை நம்பி முடிவெடுப்பது

மழைக்கு ஆட்சியர் விடுமுறை விடுவதுபோல வேலைநிறுத்தத்துக்கு யாரும் விடுமுறை விடுவதில்லை. அரசுக் கணக்கில் அது வேலை நாள்தான். அதனால் நிலைமை பள்ளிக்குப் பள்ளி மாறும். பெரிய மேல்நிலைப் பள்ளியில் பாதி ஆசிரியர்கள் வந்திருப்பார்கள், வகுப்புகளைச் சேர்த்து உட்கார வைத்திருப்பார்கள். ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கத்து ஈராசிரியர் பள்ளியில் இரண்டு பேரும் போராட்டத்துக்குப் போனால் கதவே திறக்காது. அரசு உதவிபெறும் பள்ளியாக இருந்தாலும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கேயும் சம்பளம் அரசுடையது, ஆசிரியர்கள் கலந்துகொள்ளலாம்.

இதில் நேரம்தான் சிக்கல். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மா, கம்பெனி வண்டியைப் பிடிக்க ஏழு மணிக்கெல்லாம் தெருமுனையில் நிற்க வேண்டும். பள்ளி திறக்கிறதா இல்லையா என்பது ஒன்பது மணிக்குத்தான் தெரியும். பிள்ளை பையை மாட்டிக்கொண்டு போய், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வீடும் பூட்டியிருக்கும். அதற்கப்புறம் அவன் எங்கே போகிறான் என்பது யாருக்கும் தெரியாது. ஏரி, விவசாயக் கிணறு, பாலாற்றில் மணல் அள்ளிய பள்ளங்களில் தேங்கிய தண்ணீர் என்று நம் பக்கத்தில் ஆபத்துக்குப் பஞ்சமில்லை.

முந்தின நாள் மாலையே தலைமை ஆசிரியருக்கோ வகுப்பு ஆசிரியருக்கோ போன் போட்டு, "டீச்சர், நாளைக்கு நீங்க வருவீங்களா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். போராட்டத்துக்குப் போகிறவர்கள் மறைக்க மாட்டார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் அதிகம், தலைவரும் பெற்றோர்தான். உங்கள் ஊரில் அது யார் என்று தெரியாவிட்டால் இப்போதே விசாரித்து வையுங்கள்.

"மூத்த பொண்ணு இருக்காளே"

எனக்கு அதிகம் வலிக்கிற தவறு இது. தம்பி, தங்கை படிக்கும் தொடக்கப் பள்ளி மூடிவிட்டது. பத்தாவது படிக்கும் அக்காவின் பள்ளியில் ஆசிரியர்கள் வந்திருக்கிறார்கள், சிறப்பு வகுப்பும் நடக்கிறது. ஆனாலும் அவளை வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். சின்னதுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே! அவளும் எதிர்த்துப் பேசமாட்டாள். ஒரு கையில் அறிவியல் புத்தகம், இன்னொரு கையில் தம்பிக்குச் சோறு என்று மத்தியானம் வரை ஓட்டுவாள். மூன்று மணிக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும், துணி மடிக்க வேண்டும். புத்தகம் திறந்த பக்கத்திலேயே கிடக்கும். பையன் பத்தாவது படித்தால் அவனை நிறுத்துகிறோமா என்று ஒவ்வொரு வீடும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆயா (பாட்டி) இருக்கும் வீட்டில் ஆயாவிடம் விடலாம். ஆனால் எழுபது வயது தாண்டியவரால் மூன்று பிள்ளைகளை ஒரு வாரம் மேய்க்க முடியாது. தெருவாகச் சேர்வதுதான் நடக்கக்கூடிய வழி. நான்கைந்து குடும்பங்கள் பேசி, ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக்கொள்ளலாம். வீட்டிலேயே லுங்கித் தறி ஓட்டுகிறவர், தையல் போடுகிறவர் என்று பகலில் வீட்டில் இருப்பவர்கள் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்கள் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடாமல், அரிசி, காய்கறிக்கு மற்றவர்கள் கொடுத்துவிட வேண்டும். அப்பாக்களும் ஒரு நாள் லீவு போடலாம். சம்பளப் பிடித்தம் வருவது அம்மாவுக்கு மட்டும்தான் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சாப்பாட்டை மறப்பது

1982-லிருந்து மதியச் சத்துணவு இருக்கிறது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. ஆக ஐந்தாவது வரை படிக்கும் பிள்ளைக்குப் பள்ளி மூடினால் ஒரு நாளில் இரண்டு வேளைச் சாப்பாடு போகிறது, கூடவே முட்டையும். அம்மா அவசரத்தில் இருபது ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டுப் போனால் அது சிப்ஸ் பாக்கெட்டாகத்தான் மாறும். ஆசிரியர் வராவிட்டாலும் சமையல் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். சத்துணவு ஊழியர்களும் சில நேரம் போராட்டத்தில் இருப்பார்கள். அமைப்பாளரிடம் கேளுங்கள். அங்கன்வாடி வேறு துறை. பள்ளி மூடியதால் அங்கன்வாடியும் மூடியிருக்கும் என்று நினைத்து மூன்று வயதுக் குழந்தையையும் வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.

"சும்மாதானே இருக்கான், கூட வரட்டும்"

பெரிய பயம் இங்கேதான். 1990-கள் வரை வட ஆற்காட்டில், அதாவது நம் வேலூர்ப் பக்கத்தில், பீடி முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, அது அடையும் வரை பிள்ளையை வேலைக்கு விட்ட வீடுகள் ஏராளம். அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவர எத்தனையோ பேர் பாடுபட்டார்கள். இன்றைக்கு அப்படி யாரும் திட்டம் போட்டு அனுப்புவதில்லை. பள்ளி இல்லாத நாளில், பீடி சுற்றும் முறத்துக்குப் பக்கத்தில் உட்காரும் பிள்ளை முதலில் நூல் கட்டித் தரும், அடுத்து இலை நறுக்கும். வாரக் கடைசியில் கட்டு கொஞ்சம் கூடியிருக்கும். அந்தக் காசு வீட்டுக்கு உண்மையாகவே உதவும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பள்ளி திறந்த பிறகு திங்கட்கிழமைக்கு ஒன்று, சந்தை நாளுக்கு ஒன்று என்று லீவு விழத் தொடங்குவது இப்படித்தான். படிப்பில் ஏற்கெனவே பின்தங்கிய பிள்ளைக்கு இந்த ஒரு வாரமே போதும்.

14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பது குற்றம். குடும்பத் தொழிலில் உதவலாம் என்று சட்டத்தில் இருக்கும் விலக்கு பீடிக்கும் தீப்பெட்டிக்கும் கிடையாது. தோல் ஷாப், செங்கல் சூளை பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப் போகவே கூடாது. பள்ளி மூடியதைச் சாக்காக வைத்து யாராவது பிள்ளைகளை வேலைக்கு இழுத்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாம்.

படிப்பு

இதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் போனைக் கையில் கொடுத்துவிட்டு, பாடம் பார்க்கிறான் என்று நம்புகிறார்கள். சிலர் ஆறு மணி நேரம் உட்காரவைத்து அடிக்கிறார்கள். காலையில் ஒன்றரை மணி நேரம், அதுவும் பள்ளி தொடங்கும் அதே நேரத்தில் உட்கார்ந்தால் போதும். சின்ன வகுப்பு என்றால் தமிழில் ஒரு பக்கம் சத்தமாக வாசிப்பது, வாய்ப்பாடு, ஐந்து கணக்கு. பெரிய வகுப்பு என்றால் முடிந்த பாடத்தைத் திரும்பப் படிப்பது. புதுப் பாடத்துக்குள் தனியாகப் போய்க் குழம்ப வேண்டாம். பாடநூலில் அச்சிட்டிருக்கும் க்யூஆர் கோடு, மணற்கேணி செயலி, கல்வித் தொலைக்காட்சி எல்லாம் இலவசம்தான். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் அவை பலன் தரும். தெருவில் காலேஜ் படிக்கும் அண்ணனோ அக்காவோ இருந்தால் மாலையில் ஒரு மணி நேரம் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள்.

கோபத்தில் டி.சி. வாங்குவது

"இவங்களுக்கு எப்பவும் போராட்டம்தான்" என்று சொல்லி, ஆண்டு நடுவில் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்ப்பவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. கல்லூரி போகும் பெண்களுக்கான புதுமைப் பெண், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் அரசுப் பள்ளிப் படிப்பு முக்கியம். ஒரு வாரக் கோபத்தில் எடுக்கிற முடிவு இதையெல்லாம் கொண்டுபோய்விடும்.

பிள்ளையின் காதுபட ஆசிரியரைத் திட்டுவதும் வேண்டாம். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் சேர்த்ததை எதிர்த்துத்தான் பல ஆண்டுகள் போராடியிருக்கிறார்கள். 2003 ஜூலையில் போராடிய அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாக லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே அடியாக வேலையிலிருந்து நீக்கப்பட்ட மாநிலம் இது. அவர்கள் கோரிக்கை சரியா, தவறா என்று பெரியவர்கள் வாதாடலாம். பிள்ளை அடுத்த வாரம் அதே டீச்சர் முன்னால் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

திறந்த பிறகு

விட்டுப்போன நாட்களுக்கு ஈடாகச் சனிக்கிழமைகளில் பள்ளி வைப்பார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 6 முதல் 8 வரை 220 நாள் வர வேண்டும். சனிக்கிழமைதானே என்று கல்யாணத்துக்கும் குலதெய்வம் கோவிலுக்கும் பிள்ளையைக் கூட்டிப்போனால், இழந்த பாடம் இரண்டாம் முறையும் போகிறது. பத்தாவது, பிளஸ் டூ பிள்ளை இருக்கும் வீட்டில் முதல் நாளே பள்ளிக்குப் போய், செய்முறைத் தேர்வுத் தேதி மாறியிருக்கிறதா, பெயர்ப்பட்டியலில் பெயர், பிறந்த தேதி, போட்டோ சரியாக இருக்கிறதா, மூடியிருந்த நாட்களில் ஏதாவது கையெழுத்து விட்டுப்போயிருக்கிறதா என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.