நரையை மறைக்க முதல் டை: எங்கே தவறு நடக்கிறது?

வீட்டில் விசேஷம் என்றால் முதல் நாள் ராத்திரி ஒரு பாக்கெட் வாங்கி வந்து அடித்துக்கொள்வதுதான் பலருக்கும் முதல் டை. அடிக்கும்போது ஒன்றும் தெரியாது. ஒவ்வாமை இருந்தால் மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் காட்டும். நெற்றியோரம் அரிக்கும், காது மடல் சிவக்கும், கண்ணிமை வீங்கிக் கண் திறக்க முடியாமல் போகும். சிலருக்குத் தலையில் நீர் கோத்து வடியும். பெரும்பாலும் இதற்குக் காரணம் பாரா ஃபினைலின்டையமின், சுருக்கமாக பிபிடி. கருப்பும் அடர்பழுப்பும் நரையில் பிடித்து நிற்க, நிரந்தர டைகளில் அதிகம் சேர்க்கப்படும் பொருள் இதுதான்.

அதனால் விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பே வாங்குங்கள். பாக்கெட்டில் உள்ள சோதனைக் குறிப்பைப் படித்து, அதன்படி துளி டையைக் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ சின்னப் பொட்டு அளவு தடவி, 48 மணி நேரம் கவனியுங்கள். அரை மணி நேரத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று கழுவிவிட்டு அடிக்க ஆரம்பிப்பது சோதனையே இல்லை. இந்த ஒவ்வாமை தலைகாட்ட ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அரிப்பு, சிவப்பு, வீக்கம் எது வந்தாலும் அந்த டை உங்களுக்கு வேண்டாம். பல வருடம் ஒத்துக்கொண்ட டை திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. எனவே ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். கையில் கருப்பு மருதாணி டாட்டூ போட்டுத் தோல் புண்ணானவர்கள் பிபிடி உள்ள டையைத் தொடவே கூடாது. அந்தக் கருப்பிலும் பெரும்பாலும் பிபிடிதான் இருக்கும்.

இங்கே இன்னொரு ஏமாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். ‘அமோனியா இல்லை’ என்று அட்டையில் போட்டிருந்தால் நெடி குறைவு, அவ்வளவுதான். பிபிடி இருக்கிறதா என்பதைப் பின்பக்கப் பொடி எழுத்தில்தான் பார்க்க வேண்டும். ‘ஹெர்பல்’, ‘கருப்பு ஹென்னா’ பாக்கெட்டுகளும் அப்படித்தான். சுத்தமான மருதாணி வெள்ளை முடியில் ஆரஞ்சுச் சிவப்பாகத்தான் பிடிக்கும். அரை மணி நேரத்தில் நரையைக் கருப்பாக்குகிற பொடியில் நிச்சயம் வேறு சாயம் கலந்திருக்கிறது. இலைப்பொடி மட்டும் போதும் என்பவர்கள் இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும்: முதலில் மருதாணி இரண்டு மூன்று மணி நேரம், அலசிய பிறகு அவுரி (இண்டிகோ எனும் நீலச் சாய இலைப்பொடி) ஒன்றரை மணி நேரம். அவுரிப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் தடவிவிட வேண்டும். எலுமிச்சை, தயிர் சேர்த்தால் நிறம் கெடும். மருதாணி போடாமல் நரையில் நேராக அவுரி போட்டால் பச்சையோ நீலமோ அடிக்கும்.

நிறம் தேர்ந்தெடுப்பதில் பெரும்பாலோர் எண் 1, அதாவது சுத்தக் கருப்புக்குப் போகிறார்கள். முகத்துக்கு ஒட்டாத கட்டைக் கருப்பாக அது தெரியும். இரண்டே வாரத்தில் வகிட்டில் வெள்ளைக் கோடும் பளிச்சென்று விழும். எண் 3, அடர்பழுப்பு எடுங்கள். நம் ஊர் முடியில் அது கருப்பாகத்தான் தெரியும், போதவில்லை என்றால் அடுத்த முறை கருமையாக்கலாம். கருப்பிலிருந்து இறங்குவது அப்படி எளிதல்ல. ஏற்கெனவே ஏறிய சாயத்தை இன்னொரு டை வெளிறச் செய்யாது. பர்கண்டி மாதிரிச் சிவப்பு நிறங்களைத் தனியாக நரையில் போட்டால் வெள்ளை முடி மட்டும் ரத்தச் சிவப்பாக எரியும்; பாதிக்குப் பாதி அடர்பழுப்பு சேர்க்க வேண்டும்.

சாய டியூபும், அதில் கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடான டெவலப்பரும் தனித்தனியாக வாங்குபவர்கள் நரைக்கு 20 வால்யூம், அதாவது 6 சதவீத பெராக்சைடு உள்ள டெவலப்பர் வாங்க வேண்டும். 10 வால்யூமில் முரட்டு நரை பிடி கொடுக்காது. 30 வால்யூம் பக்கத்திலிருக்கும் கருமுடியையும் வெளிறவைத்து வேரோரம் செம்பட்டையாக்கிவிடும். கலவை விகிதம் ஒன்றுக்கு ஒன்றா, ஒன்றுக்கு ஒன்றரையா என்பது டியூபில் இருக்கும். கண்ணளவு வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். கிண்ணம் பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ போதும். எவர்சில்வர், அலுமினியம் வேண்டாம்.

தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு அப்படியே டை போடுவது நம்மிடம் இருக்கும் தவறு. எண்ணெய்ப் பிசுக்கு சாயத்தை ஏறவிடாது. அதேபோல அன்று காலையிலேயே அழுத்தித் தேய்த்துக் குளித்தால் தலைத்தோல் எரியும். முந்தைய நாள் குளித்த, எண்ணெய் படாத, காய்ந்த முடி சரியாக இருக்கும். நெற்றியோரமும் காது மடலிலும் வாஸலின் தடவுங்கள், ஆனால் முடிமேல் படக்கூடாது; பட்ட இடத்தில் நரை அப்படியே நிற்கும். முடியை நான்காகப் பிரித்து, நரை அதிகமுள்ள இடத்தில், பொதுவாகக் கன்னப்பொட்டு ஓரமும் வகிடும், ஆரம்பியுங்கள். ஒரு செ.மீ.க்கும் மெல்லிய அடுக்காக எடுத்து இருபக்கமும் பூசினால்தான் உள்ளே வெள்ளை தப்பாது. நேரத்தைப் பூசி முடித்த பிறகு கணக்கிடுங்கள். இருபது நிமிடம் பூசிவிட்டு, ஆரம்பித்த நேரத்திலிருந்து அரை மணி என்று அலசுவதால்தான் கடைசியாகப் பூசிய பக்கம் வெளிறிப்போகிறது. ஆனால் பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு மேல் ஊறவிட்டால் கருமை கூடாது, முடிதான் வறளும்.

ஏற்கெனவே கடை மருதாணிப் பொடி போட்டு வந்தவர்கள், சீப்பில் உதிர்ந்த முடியைச் சேர்த்து, கலந்த டையில் அரை மணி ஊறவைத்துப் பாருங்கள். பொடியில் உலோக உப்பு இருந்தால் முடி சூடாகும், அறுந்து வரும். அப்படியானால் அந்த முடி வெட்டுப்பட்டுப் போகும்வரை டெவலப்பர் கலந்த டை வேண்டாம்.

புருவத்திலும் இமையிலும் தலை டையை ஒருபோதும் போடாதீர்கள், கண்ணுக்கே ஆபத்து. மீசைக்கும் அதற்கென்று விற்பதையே சோதித்துப் போடுங்கள். பூசும்போதே தலை கடுமையாக எரிந்தால் உடனே நிறையத் தண்ணீரில் அலசுங்கள். முகம் வீங்கினால் மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் நேராக அவசரப் பிரிவுக்கு.

மீந்த கலவையை மூடி வைத்தால் வாயு சேர்ந்து புட்டி வெடிக்கலாம், ஊற்றிவிடுங்கள். பிரிக்காத டைப் பொடியைக் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் தொண்டை வீங்கி உயிருக்கே ஆபத்து, சிறுநீரகமும் பாதிக்கும். அலசிய பின் இரண்டு நாள் ஷாம்பு போடாதீர்கள். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வேரில் ஒரு செ.மீ. அளவு வெள்ளை எட்டிப் பார்க்கும்போது, அந்த வேருக்கு மட்டும் பூசுங்கள். ஒவ்வொரு முறையும் நுனிவரை இழுத்தால் நுனி மைக்கறுப்பாகி வெடிக்கும்.