‘ஏ’ ஒசத்தியா, எட்டு ஒசத்தியா? இடுப்பு எக்ஸ்ரே சான்றிதழில் நடக்கும் தவறுகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருத் தம்பி ஒருவர் போன மாதம் போனை நீட்டிக்கொண்டு வந்தார். தன் லேப்ரடார் பெட்டைக்கு மேட்டிங் பார்க்கிறார். "ரெண்டு ஆண் நாய் பார்த்து வெச்சிக்கீறேன்ணா. ஒண்ணுத்துக்கு இடுப்பு ‘ஏ’வாம், இன்னொண்ணுத்துக்கு எட்டாம். இன்னாணா, எது ஒசத்தி?"

இடுப்பு மூட்டு அதன் குழியில் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று எக்ஸ்ரேவைப் பார்த்துப் போடும் தரங்கள் இவை. ஆனால் இரண்டும் வேறு வேறு தராசு. ‘ஏ’ என்பது ஐரோப்பாவில் பரவலாக இருக்கும் எஃப்சிஐ (சர்வதேச நாய் வளர்ப்புக் கூட்டமைப்பு) முறை: ‘ஏ’ நல்ல இடுப்பு, ‘ஈ’ கடுமையாகக் கெட்டது. எட்டு என்பது பிரிட்டனின் பிவிஏ (கால்நடை மருத்துவர்கள் சங்கம்) முறை. ஒவ்வொரு பக்கத்துக்கும் 0 முதல் 53 வரை குறை மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள், மொத்தம் 106. பரீட்சை மார்க் பார்த்தே பழகிய நமக்கு எட்டு என்றால் ஃபெயில் என்று தோன்றும். இங்கே குறைய குறையத்தான் நல்லது. 106க்கு எட்டு என்பது நல்ல இடுப்பு.

பிவிஏவில் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து ஏமாறுவதும் உண்டு. 9+9 என்றாலும் 18, 2+16 என்றாலும் 18. ஆனால் இரண்டாவது நாய்க்கு ஒரு பக்கம் நன்றாகவே கெட்டிருக்கிறது. எஃப்சிஐயும், அமெரிக்காவில் இதே மாதிரி சான்று தரும் ஓஎஃப்ஏ அமைப்பும் மோசமான பக்கத்தை வைத்துத்தான் தரம் போடும். அதனால் பிவிஏ தாளைக் கையில் வாங்கினால் முதலில் இடது வலது என்று பிரித்துப் பாருங்கள்.

அடுத்தது வயது. ஓஎஃப்ஏ இறுதிச் சான்றுக்கு நாய்க்கு 24 மாதம் ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் எடுப்பது முன்னோட்டம் மட்டுமே. எஃப்சிஐயிலும் பிவிஏயிலும் 12 மாதம் போதும், எஃப்சிஐயில் பெரிய உருவ இனங்களுக்கு 18. எட்டு மாதக் குட்டியின் எக்ஸ்ரேவைக் காட்டி ‘இடுப்பு கிளியர்’ என்று விலையை ஏற்றுகிறவர்களிடம் தள்ளியே நில்லுங்கள். சான்றில் இருக்கும் ஓஎஃப்ஏ எண்ணைப் படிக்கத் தெரிந்தால் இந்த வித்தை பலிக்காது. எண்ணின் முன்னால் ‘எல்ஆர்’ என்றால் லேப்ரடார். அப்புறம் வரிசை எண். அதை ஒட்டி வரும் ‘ஈ’, ‘ஜி’, ‘எஃப்’ ஆகியவை முறையே எக்ஸலன்ட், குட், ஃபேர். பின்னால் 26 என்று இருந்தால் எக்ஸ்ரே எடுத்தபோது 26 மாதம். அதன் பிறகு ஆணா பெட்டையா. கடைசியில் ‘பிஐ’ இருந்தால் மைக்ரோசிப்போ பச்சையோ குத்திய நாய். ‘நோபிஐ’ என்றால் அந்த எக்ஸ்ரே இந்த நாயுடையதுதான் என்பதற்கு அடையாளம் இல்லை. (எஃப்சிஐயில் ‘ஈ’ படுமோசம், இங்கே ‘ஈ’ பிரமாதம். இதிலேயே எத்தனை பேர் குழம்பியிருப்பார்கள்!)

நான்காவது முறையான பென்ஹிப்பின் கதையே வேறு. மற்ற மூன்றிலும் நாயை மல்லாக்கப் படுக்கவைத்துப் பின்னங்கால்களை நீட்டிப் படம் எடுப்பார்கள். அப்படி நீட்டும்போது மூட்டைச் சுற்றியுள்ள தசைநார் முறுக்கிக்கொண்டு, தொடை எலும்பின் தலையைக் குழிக்குள் தள்ளிவிடும், தளர்ச்சி மறைந்துபோகும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பிறந்த பென்ஹிப்பில் மூன்று படம், அதில் ஒன்று மூட்டை வெளிப்பக்கம் இழுத்து எடுப்பது. ரிசல்ட் 0.42 என்று வந்தால், அந்தத் தலை தன் ஆரத்தில் 42 சதவீதம் அளவுக்கு வெளியே நகர்கிறது என்று பொருள். 0.30க்குக் கீழே இருந்தால் மூட்டு இறுக்கம், பின்னாளில் மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. 16 வாரக் குட்டிக்கே எடுக்கலாம். இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. ‘பென்ஹிப் பாஸ்’ என்று யாராவது சொன்னால் அவர் அந்தத் தாளைப் படிக்கவில்லை. 2010இல் வந்த ஓர் ஆய்வில், ஓஎஃப்ஏ எக்ஸலன்ட் வாங்கியிருக்கக்கூடிய நாய்களிலேயே பாதிக்கு 0.30ஐத் தொட்டோ தாண்டியோ இருந்தது. ஆய்வு செய்தது அதே பென்சில்வேனியா ஆட்கள்தான், அதையும் மனதில் வையுங்கள். ஆனாலும் ஓஎஃப்ஏ ‘குட்’ இத்தனை பென்ஹிப்புக்குச் சமம் என்று கணக்குப் போட முடியாது என்பது நிச்சயம்.

நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு இன்னும் எளிமையானது. "பேப்பர் கீதா?" என்று கேட்போம், அவர்கள் கேசிஐ (இந்திய கென்னல் கிளப்) தாளைக் காட்டுவார்கள், நாம் திருப்தியாகிவிடுவோம். அது வம்சாவளித் தாள். தாத்தா பாட்டி பெயர் இருக்கும், இடுப்பைப் பற்றி அது எதுவும் உத்தரவாதம் தராது. அதே மாதிரி, நம் டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்து ‘நார்மல்’ என்று எழுதித் தருவதும் ஒருவரின் கருத்து மட்டுமே. ஓஎஃப்ஏவில் ஒரே படத்தை மூன்று கதிரியக்க நிபுணர்கள் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். படம் கோணலாக இருந்தால் யார் பார்த்தும் பயனில்லை. இடுப்பெலும்பின் இரண்டு ஓட்டைகளும் ஒரே அளவில் தெரிகிறதா, தொடை எலும்புகள் இணையாக இருக்கின்றனவா என்று நீங்களே பார்க்கலாம். ஒரு ஓட்டை பெரிதாகத் தெரிந்தால் உடம்பு சாய்ந்திருக்கிறது, ஒரு பக்கம் உள்ளதைவிட நன்றாகத் தெரியும்.

தாயும் தகப்பனும் சுத்தமாக இருந்தாலும் குட்டிக்கு இடுப்புக் கோளாறு வரலாம். கூடப் பிறந்தவற்றின் ரிசல்ட்டையும், முந்தைய ஈற்றுக் குட்டிகளின் ரிசல்ட்டையும் கேளுங்கள். முழங்கை மூட்டுக்கும் தனிச் சான்று உண்டு, அதையும்தான்.

தம்பி இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். "சரி, உன் பெட்டைக்கு எடுத்த எக்ஸ்ரே எங்கப்பா?" என்றேன்.

"அதுக்கு எடுக்கலியேணா. 14 மாசம்தான் ஆவுது. இப்போ ஹீட்டுல கீது, அதான் அவசரம்."

ஹீட் சமயத்தில் ஹார்மோன் மூட்டைத் தளர்த்திவிடும். நல்ல இடுப்புகூட மோசமாகத் தெரியலாம். ஹீட் முடிந்து ஒரு மாதமாவது போகட்டும் என்கிறது ஓஎஃப்ஏ. அதன் இறுதிச் சான்று வேண்டுமென்றால் இன்னும் பத்து மாதம். தம்பி விரலை மடக்கி எண்ணினார். அப்புறம் இரண்டு ஆண் நாய்க்காரர்களுக்கும், இந்தத் தடவை வேண்டாம் என்று அங்கேயே நின்று வாய்ஸ் மெசேஜ் போட்டார்.