இணையச் சேவைகளை ஒன்றோடொன்று இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலண்டரில் மீட்டிங் இருந்தால் போன் தானாகச் சைலண்டுக்குப் போக வேண்டும், வீட்டை நெருங்கினால் ஏசி ஓடத் தொடங்க வேண்டும், மெயிலில் விமான டிக்கெட் வந்தால் பயண நேரம் காலண்டரில் ஏற வேண்டும். இதற்கெல்லாம் நீங்கள் எங்கே, எப்போது, யாரோடு இருக்கிறீர்கள் என்பதை ஒரு சேவை இன்னொன்றுக்குச் சொல்லியாக வேண்டும். இணைப்பது இரண்டு தட்டலில் முடிந்துவிடும். கேட்டது ஒரு பதில்தான் என்றாலும் முழு ஏட்டையும் தூக்கிக் கொடுப்பதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன.

காலண்டரையே எடுத்துக்கொள்வோம். சந்திப்பு நேரம் குறிக்கும் சேவைக்கு, 3 மணியிலிருந்து 4 மணி வரை நீங்கள் ஃப்ரீயா இல்லையா என்பது தெரிந்தால் போதும். படிக்கும் அனுமதியை முழுதாகக் கொடுத்தால் ‘ஸ்கேன் ரிசல்ட், டாக்டர்’ என்ற தலைப்பும், இடமும், வருகிறவர்களின் மெயில் முகவரியும், குறிப்பில் ஒட்டிவைத்த வீடியோ கால் லிங்க்கும் சேர்ந்தே போகும். கூகுள் காலண்டரில் ஒருவருக்குப் பகிரும்போது, விவரங்களை மறைத்து நேரம் காலியா இல்லையா என்பதை மட்டும் காட்டும் தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுங்கள். மருத்துவம், குடும்ப விஷயங்களுக்குத் தனிக் காலண்டர் தொடங்கி, அதை எதனோடும் இணைக்காமல் விடுவது இன்னும் நல்லது.

அதே செட்டிங்ஸில் ‘ரகசிய முகவரி’ என்று ஒரு நீள லிங்க் இருக்கும். வேறு ஆப்பில் காலண்டரைப் பார்க்க வசதியாக இருக்கிறதே என்று பலரும் அதைக் குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். அந்த லிங்க்குக்கு லாகின் கிடையாது. கையில் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் எல்லா விவரமும் தெரியும். மேலே சொன்ன மறைப்பும் இதற்குப் பொருந்தாது. வெளியே போய்விட்டது என்று சந்தேகம் வந்தால், அங்கேயே உள்ள ரீசெட்டை அழுத்துங்கள். பழைய லிங்க் செத்துவிடும். நீங்கள் பயன்படுத்தும் ஆப்களில் புதியதைப் போட வேண்டியிருக்கும்.

இருப்பிடத்தில் நடப்பதும் இதே தவறுதான். இருப்பிடம் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாகத்தான் போகிறது. அட்சரேகையில் 1 டிகிரி சுமார் 111 கிலோமீட்டர். ஆகவே தசமப் புள்ளிக்குப் பின் 2 இலக்கம் சுமார் 1.1 கிலோமீட்டர்வரையும், 5 இலக்கம் சுமார் 1 மீட்டர்வரையும் காட்டிக்கொடுக்கும். வானிலை சொல்ல 2 இலக்கம் தாராளம். ஐபோனில் 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும், 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதலும் ஒவ்வொரு ஆப்புக்கும் தோராய இருப்பிடம் மட்டும் கொடுக்கலாம். மேப்புக்கும் டாக்ஸிக்கும் துல்லியம், மற்றவற்றுக்குத் தோராயம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் எதுவும் உடையாது. ‘பெயர் இல்லாமல்தானே அனுப்புகிறோம்’ என்ற சமாதானமும் செல்லாது. ஓட்டம், சைக்கிள் பயிற்சியைப் பதிவுசெய்யும் ஆப்பான ஸ்ட்ராவா, பயனர்கள் போன பாதைகளையெல்லாம் சேர்த்து 2017 நவம்பரில் வெளியிட்ட ஹீட்மேப் என்ற வரைபடத்தில் யார் பெயரும் இல்லை. ஆனாலும் ராணுவ முகாம்களின் உள்ளே ஓடிய பாதைகள் ஒளிக்கோடுகளாகத் தெரிந்ததை 2018 ஜனவரியில் உலகமே பார்த்தது.

தானியங்கி வேலைகளை அமைப்பவர்கள் இன்னொன்றில் அடிக்கடி சறுக்குகிறார்கள்: இருப்பிடத்தை அனுப்புவார்கள், அது எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மீட்டர் பிழை இருக்கலாம் என்பதை அனுப்ப மாட்டார்கள். 2 மணி நேரத்துக்கு முந்தைய தகவலை ‘இப்போது’ என்று நம்பி, யாரும் இல்லாத வீட்டில் ஏசி ஓடும். இந்த இரண்டு மதிப்புகளும் கூடவே போகட்டும். தகவல் பழசாகிவிட்டால் எதுவும் செய்யாதே என்று நிபந்தனை போடுங்கள்.

இரண்டு காலண்டர்களை ஒன்றுபோல வைத்திருக்கும் ஸிங்க்கில் நாள் குழப்பம் தனி ரகம். காலண்டர்கள் தகவல் பரிமாறும் பொது வடிவமான ஐகாலண்டர் கோப்பில் முழுநாள் நிகழ்வின் முடிவுத் தேதி அந்த நாளைச் சேர்க்காது. 10ஆம் தேதி மட்டும் விடுமுறை என்றால் முடிவு 11 என்றே எழுதியிருக்கும். இது தெரியாத கருவி இரண்டு நாள் விடுமுறை காட்டும். முழுநாளை யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக மாற்றும் கருவியில், அமெரிக்காவில் இருப்பவருக்குப் பிறந்தநாள் ஒரு நாள் முன்னதாக வரும். இரண்டு காலண்டரையும் இருபுறமும் ஸிங்க் செய்யும்போது, நகல் ஒவ்வொன்றுக்கும் புது அடையாள எண் விழுந்தால் நகலின் நகல் என்று பெருகிக்கொண்டே போகும். ஒன்றை மூலமாக வைத்து, ஒரே திசையில் அனுப்புங்கள்.

கான்டாக்ட்ஸ் அனுமதி உங்கள் தகவல் மட்டும் இல்லை, அதில் உள்ள எல்லோருடையதும். 2010 பிப்ரவரியில் வந்த கூகுள் பஸ் என்ற சமூக வலைதளச் சேவை, ஜிமெயிலில் யாரோடு அடிக்கடி பேசுகிறீர்கள் என்பதை வைத்துத் தானே ஒரு பட்டியல் போட்டது. அது பலருடைய புரொஃபைலில் வெளியே தெரிந்தது. வக்கீலுக்கு அடிக்கடி மெயில் போடுவது மெயிலுக்குள் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வேறொரு சேவையில் தெரிந்தால் கதை மாறிவிடுகிறது. விவகாரம் நுகர்வோரைக் காக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் வரை போய், 20 ஆண்டுகளுக்குத் தனியுரிமைத் தணிக்கை என்ற நிபந்தனையோடு 2011இல் சமரசமானது.

கடைசியாகத் துண்டிப்பது. போனிலிருந்து ஆப்பை நீக்கினால் இணைப்பு அறுந்துவிடாது. நீங்கள் கொடுத்த அனுமதிக்கான டிஜிட்டல் சாவி, அதாவது டோக்கன், அந்தச் சேவையின் சர்வரில் இருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றுவதும் முழுத் தீர்வு இல்லை. கூகுளில் ஜிமெயில் அனுமதி உள்ள டோக்கன்கள் அப்போது ரத்தாகும், காலண்டருக்கு மட்டும் கொடுத்தது தொடரும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் மூன்றாம் தரப்பு இணைப்புகளைத் திறந்து கையால்தான் நீக்க வேண்டும். அப்படி நீக்கினாலும் ஏற்கெனவே போன நகல் அங்கேயே இருக்கும். அதனால் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் அந்தச் சேவைக்குள் போய்க் கணக்கையும் தரவையும் அழிக்கச் சொல்லுங்கள், பிறகு அனுமதியை ரத்து செய்யுங்கள், ஆப்பைக் கடைசியில் நீக்குங்கள். கூகுள் லாகின் வழியாகவே அங்கே நுழைந்திருந்தால், முதலில் இணைப்பை அறுத்தவர் தன் தரவை அழிக்க உள்ளே போவதற்கே திரும்பவும் அனுமதி கொடுக்க வேண்டிவரும்.