குழு சிகிச்சைக்குப் போகிறீர்களா? குழு கூடாத நாட்களையும் யோசியுங்கள்

குடியையும் மற்ற போதைகளையும் விட நினைப்பவர்களுக்கான குழுக்களைப் பல வருடங்களாக நடத்துகிறேன். புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "எல்லார் முன்னாடியும் என்னத்தைப் பேசுறது?" பேசவே வேண்டாம். பெயரைச் சொல்லிவிட்டு, சில கூட்டங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகமாகக் குடித்தவர் தானாகவே சட்டென்று நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வியர்வை என்று தொடங்கி முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு மனக்குழப்பம் வந்து, இல்லாத உருவங்கள் கண்ணில் படலாம். உயிரே போகக்கூடிய நிலை அது. முதலில் மருத்துவர், பிறகு குழு. தூக்க மாத்திரைக்கு அடிமையானவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

எட்டுப் பத்துப் பேர் வட்டமாக உட்காருவோம். ஒருமுறை ஒருவர், "சம்பளம் வந்த அன்னிக்கு மட்டும் என்னால முடியல" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் எதிரில் இருந்தவர் சொன்னார்: "எனக்கும் அப்படித்தான். ஏடிஎம் கார்டை அக்காகிட்ட குடுத்துட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் நேரா அவங்க வீட்டுக்குப் போயிடுவேன்." நான் எத்தனை படித்திருந்தாலும் அந்த "எனக்கும்" என் வாயிலிருந்து வந்திருக்காது. குழுவின் பலமே அதுதான்.

அந்த அக்காவைப் போல, மறுபடி போதைக்குப் போகாமல் காப்பவற்றைத்தான் நாங்கள் பாதுகாப்புக் காரணி என்கிறோம். நம்பிப் பேச ஓர் ஆள், ஒழுங்கான தூக்கம், போய்ச் சேர வேண்டிய வேலை, மனச்சோர்வு இருந்தால் அதற்குச் சிகிச்சை. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கட்ட முடியாது. போன் நம்பரில் தொடங்குங்கள். குழுவில் மூன்று பேரிடம் வாங்கி, மனசு நன்றாக இருக்கும் நாளிலேயே ஒருமுறை பேசிவிடுங்கள். பழகாத நம்பரை அவசரத்தில் யாருக்கும் அழைக்கத் தோன்றாது. குடிக்கத் தோன்றும் வேகம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியும். அந்த நேரத்தைப் பேச்சில் கடத்திவிடலாம்.

குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு பிறந்த கதையும் இதுதான். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொழில் விஷயம் தோற்றுப்போய், ஹோட்டலில் தனியாக நின்றார், குடியை விட்டிருந்த பில் வில்சன். மதுக்கூடம் பக்கத்திலேயே இருந்தது. அவர் போனை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் அந்த அமைப்பு.

ஓபியாய்டு (ஹெராயின் போன்ற அபின் வகைப் போதை) பழக்கத்துக்குச் சிகிச்சையாக மெத்தடோன், புப்ரெனார்ஃபின் எடுப்பவர்களை, "அதுவும் போதைதானே" என்று சிலர் குத்திக்காட்டுவார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவை உயிர் காக்கும் மருந்துகள். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். நிறுத்தச் சொல்லி வற்புறுத்தும் குழுவாக இருந்தால் வேறு குழு தேடுங்கள்.

சறுக்கி, மறுபடி தொட்டுவிட்டால்? அடுத்த கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு கூட்டம் தள்ளிப்போட்டால் திரும்பி வரவே கூச்சமாகிவிடும். வீட்டில் இருப்பவர்களும் அன்றைக்குத் திட்டித் தீர்க்காமல், கூடவே கிளம்பி வாசல்வரை கொண்டுவந்து விடுங்கள். ஓபியாய்டு எடுத்தவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சில வாரம் விட்டிருந்தாலே உடம்பின் தாங்குசக்தி குறைந்துவிடும். பழைய அளவே உயிரைப் பறிக்கலாம். கூப்பிட்டும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்திருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.