ஒரே பெயர் என்பதற்காக இணைத்துவிடாதீர்கள்: தேயிலைத் தரவில் நடக்கும் தவறுகள்

குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றின் கணக்கை ஒரே டேட்டா வேர்ஹவுஸில் (எல்லாத் தரவும் வந்து சேரும் கிடங்கில்) சேர்க்கும் வேலை வந்தால், ஸ்கீமா மேப்பிங்கில், அதாவது ஓரிடத்து ஃபீல்டு (தரவுக் கட்டம்) இன்னோரிடத்தில் எதற்குச் சமம் என்று பொருத்துவதில், முதலில் நடப்பது இதுதான்: ஒரே பெயருள்ள ஃபீல்டுகளைத் தேடிப்பிடித்து இணைத்துவிடுவார்கள். அதற்கென்றே டூல்களும் உண்டு. பாதிக் கோளாறு அங்கேயே ஆரம்பித்துவிடும்.

‘எடை’ என்ற ஃபீல்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் அது தராசு காட்டிய பச்சை இலை எடை. இன்னோரிடத்தில் சாக்கும், மழைநாள் ஈரத்துக்கான கழிவும் போக, விவசாயிக்குப் பணம் போடும் எடை. வேறோர் இடத்தில் தயாரான தூளின் எடை. ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். ஆனால் மூன்றுமே எண்; மூன்றுமே கிலோ. சிஸ்டம் முணுமுணுக்காமல் கூட்டிக் கொடுத்துவிடும். எந்தக் கட்டத்தில் அளந்தது, கழிவு போனதா, யாரைக் கேட்டால் தெரியும் என்பதெல்லாம் மெட்டாடேட்டாவில் (தரவைப் பற்றிய விளக்கக் குறிப்பில்) இருக்க வேண்டும். ‘எடை: பொருளின் எடை’ என்று எழுதுவதற்கு எழுதாமலே விடலாம்.

குறியீடுகளும் இப்படித்தான். பி.ஓ.பி. என்ற கிரேடு (தேயிலையின் தரப் பிரிவு), இலையை இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. முறையிலும் உண்டு, உருட்டித் தயாரிக்கும் மரபு முறையான ஆர்த்தோடாக்ஸிலும் உண்டு. தயாரிப்பு முறையையும் சேர்த்துத்தான் மேப் செய்ய வேண்டும். குன்னூர் ஏலத்தின் விற்பனை எண் வருடா வருடம் 1இல் தொடங்கும். அதை மட்டும் கீயாக (பதிவுகளைப் பிரித்தறியும் அடையாளமாக) வைத்தால், இந்த வருட 14ஆம் விற்பனையில் போன வருட லாட்டுகளும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வெளியூர் டெம்ப்ளேட்டில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நம்மவர்களின் இனிஷியல் கடைசிப் பெயராகிவிடும். அப்புறம் ஒரே விவசாயி இரண்டு பேராவார். முழுப்பெயரை அப்படியே ஒரு ஃபீல்டில் வையுங்கள்.

ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றும் ஒரே ஊர் என்பதை ஒரே குறியீடு கொடுத்துச் சரிசெய்துவிடலாம். தாலுகா அப்படியல்ல. பந்தலூர் ஒரு காலத்தில் கூடலூர் தாலுகாவில் இருந்தது. பழைய மேப்பிங்கை அழித்து எழுதினால் பழைய ரிப்போர்ட்டும் மாறிவிடும். எந்தத் தேதிமுதல் எந்தத் தேதிவரை செல்லும் என்று ஒவ்வொரு வரியிலும் குறித்துவிட்டால் தீர்ந்தது.

மேப்பிங் ஷீட் ஒருவர் லேப்டாப்பில் மட்டும் கிடப்பது பழைய வியாதி. யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிந்துவைக்கும் ‘கிட்’ (Git) மென்பொருளில் போடுங்கள், மாற்றியவர் பெயர் தெரியட்டும். மேப் ஆகாத குறியீடு வந்தால் ‘மற்றவை’யில் தள்ளாதீர்கள், தனி டேபிளில் நிறுத்தி, அனுப்பிய தொழிற்சாலைக்கு அன்றே போன் போடுங்கள்.