ஈல்டு 28%னு பார்த்துட்டு எண்ணெய் டிரஸ்ட் வாங்கப் போறவங்களுக்கு

எண்ணெய் விலை எப்பெல்லாம் படுக்குதோ, அப்பெல்லாம் யாராவது ஒருத்தர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பி "இதை வாங்கலாமா?"ன்னு கேப்பாங்க. அமெரிக்க ராயல்டி டிரஸ்ட் (எண்ணெய் வருமானத்துல பங்கு வாங்கிப் பிரிச்சுக் கொடுக்கிறது) ஏதாவது ஒண்ணு இருக்கும், பக்கத்துல ஈல்டுன்னு, அதாவது யூனிட் விலையில வருஷத்துக்கு இத்தனை சதவீதம் காசு வருதுன்னு போட்டு 20, 25, 28%னு நிக்கும். 2020 மார்ச்சுல இதுதான் நடந்துச்சு. கொரோனால எல்லாம் அடைச்சுக் கிடக்கு, மார்ச் 6ஆம் தேதி எண்ணெய் ஏற்றுமதி நாடுகளோட கூட்டமைப்பான ஓபெக்குக்கும் ரஷ்யாவுக்கும் உற்பத்தியைக் குறைக்கிற பேச்சு முறிஞ்சு போச்சு, விமானம் பறக்கல, கார் ஓடல, எண்ணெய் வாங்க ஆளில்ல, ஆனா வீட்ல உக்காந்து புதுசா டிரேடிங் அக்கவுண்ட் திறந்தவங்க இந்த ஈல்டைப் பார்த்து வரிசையா உள்ள வந்தாங்க. இப்பவும் விலை கொஞ்சம் தடுமாறினா அதே கேள்விதான் வருது, அதே தப்புதான் நடக்குது.

கடன் வாங்கிப் போடாதீங்க, மொத்தப் பணத்தையும் ஒரே இடத்துல கொட்டாதீங்க, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதுக்குள்ள போகல.

டிரஸ்ட்டை எண்ணெய் கம்பெனின்னு நெனைக்கிறது

சபைன், பெர்மியன் பேசின், சான் வான் பேசின், இதெல்லாம் 1980கள்ல ஆரம்பிச்ச டிரஸ்ட்டுங்க. இதுக்குன்னு ரிக் கிடையாது, ஊழியர் கிடையாது. எவனோ ஒரு ஆபரேட்டர், அதாவது வயலை நடத்துற கம்பெனி, கிணத்துல எண்ணெய் எடுப்பான், அதுல ஒரு பங்கு டிரஸ்ட்டுக்கு வரும், டிரஸ்ட்டியா இருக்கிற பேங்க் நிர்வாகச் செலவைக் கழிச்சிட்டு மிச்சத்தை யூனிட் (டிரஸ்ட்டோட பங்கு) வெச்சிருக்கவங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கும், அந்தக் காசுக்குப் பேர்தான் டிஸ்ட்ரிபியூஷன். அவ்ளோதான் வேலை.

2020ல ஒரு நல்ல எண்ணெய் கம்பெனியால என்னென்னவோ செய்ய முடிஞ்சுது. டிரில்லிங்கை நிறுத்தலாம், டிவிடெண்டைக் குறைச்சுப் பணத்தைக் கையில வெச்சுக்கலாம், முன்னாடியே ஹெட்ஜ் போட்டு, அதாவது விக்கிற விலையைப் பேசி முடிச்சு வெச்சிருந்தா அதுல தப்பிக்கலாம், நொடிச்சுப் போனவன் வயலை சல்லிசா வாங்கலாம். டிரஸ்ட்டால இதுல ஒண்ணும் முடியாது. வந்ததை அப்படியே கொடுக்கறதுக்குன்னே எழுதி வெச்ச பத்திரம் அது, அதனால நல்ல காலத்துல அள்ளிக் கொடுக்கும், கெட்ட காலத்துல மெத்தைன்னு ஒண்ணு நடுவுல இருக்காது, விலை விழுந்த அடி நேரா உங்க மேலதான். பெரும்பாலும் கடன் இல்லாததால திவாலாகாதே தவிர, வருமானம் சைபர் ஆகும்.

பழைய டிஸ்ட்ரிபியூஷனை வெச்சு ஈல்டு கணக்கு போடறது

என்னைக்கும் எரிச்சல் வர்ற தப்பு இதுதான்.

கூட வேலை பார்த்த தம்பி ஒருத்தன். 2020 மார்ச்சுல ஒரு டிரஸ்ட் யூனிட் பாதி விலைக்கு வந்துருச்சுன்னு வாங்கினான். ஏப்ரல்ல டிஸ்ட்ரிபியூஷன் வந்துச்சு, கிட்டத்தட்ட பழைய அளவுலயே. உடனே போன். "பாத்தீங்களாண்ணே, எண்ணெய் இவ்ளோ விழுந்தும் காசு கரெக்டா வந்துருச்சு, மார்க்கெட்தான் பயந்து சாவுது." சொல்லிட்டு இன்னும் கொஞ்சம் வாங்கினான். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "அது எந்த மாச எண்ணெய்க்கு வந்த காசுடா?" பதில் இல்ல. அவன் அதைப் பார்க்கவே இல்ல.

மாசா மாசம் கொடுக்கிற டிரஸ்ட்ல கிணத்துல இருந்து எண்ணெய் வெளிய வந்து, வித்து, காசாகி, ஆபரேட்டர் கணக்கு முடிச்சு, டிரஸ்ட்டிக்கு அனுப்பி, உங்க கைக்கு வர 2, 3 மாசம் ஆகும். ஏப்ரல்ல வந்தது ஜனவரி வாக்குல எடுத்த எண்ணெய். ஜனவரியில டபிள்யூடிஐ (அமெரிக்க எண்ணெயோட அளவுகோல் விலை) சராசரி பேரலுக்கு 57 டாலருக்கு மேல. பிப்ரவரியில 50. மார்ச்சுல 29. ஏப்ரல்ல 17கூட இல்ல. அந்த ஏப்ரல் எண்ணெயோட காசு கைக்கு வர்றது ஜூன், ஜூலையில. ஆனா வெப்சைட்ல தெரியற ஈல்டு என்ன பண்ணுது? கடந்த 12 மாசம் கொடுத்ததைக் கூட்டி இன்னைக்கு விழுந்து கிடக்கிற யூனிட் விலையால வகுக்குது. மேல இருக்கிற எண் செத்துப்போன விலையோடது, கீழ இருக்கிற எண் இன்னைக்கு விலையோடது. வர்ற 28% எதையும் சொல்லல.

சரி, எண்ணெய் மூணுல ரெண்டு பங்கு விழுந்தா டிஸ்ட்ரிபியூஷனும் மூணுல ரெண்டு பங்குதானே விழும், அப்பவும் 9% வருமேன்னு அடுத்த கேள்வி வரும். வராது. பல டிரஸ்ட் கையில இருக்கிறது நெட் ப்ராஃபிட்ஸ் இன்ட்ரெஸ்ட், அதாவது செலவெல்லாம் போக மிஞ்சற லாபத்துல பங்கு. ஒரு கற்பனைக் கணக்கு பாருங்க. ஒரு வயல்ல மாசம் 1,000 பேரல், எடுக்கிற செலவும் வரியும் சேர்த்து 35,000 டாலர், டிரஸ்ட் பங்கு 80%.

பேரல் 60 டாலர்: வரவு 60,000, மிச்சம் 25,000, டிரஸ்ட்டுக்கு 20,000.

பேரல் 40 டாலர்: வரவு 40,000, மிச்சம் 5,000, டிரஸ்ட்டுக்கு 4,000. எண்ணெய் மூணுல ஒரு பங்குதான் விழுந்துச்சு, உங்க காசு அஞ்சுல நாலு பங்கு போயிருச்சு.

பேரல் 20 டாலர்: வரவு 20,000, செலவு 35,000. பதினஞ்சாயிரம் துண்டு விழுது.

இந்தத் துண்டு விழற இடத்துலதான் புதுசா வர்றவங்க ஏமாறுறாங்க. "போகட்டும், அந்த மாசம் ஒண்ணும் வராது, விலை ஏறினதும் வந்துரும்"னு நெனைக்கிறாங்க. டிரஸ்ட் கையில இருந்து யாரும் காசு கேக்க மாட்டாங்க, அது உண்மை. ஆனா அந்த நஷ்டம் எக்ஸஸ் காஸ்ட்னு பேர் வெச்சு கணக்குல நிக்கும், பல ஒப்பந்தத்துல அதுக்கு வட்டியும் உண்டு, அது முழுசா கழிஞ்ச பிறகுதான் உங்களுக்கு அடுத்த காசு. 20 டாலர்ல ரெண்டு மாசம் ஓடினா 30,000 பாக்கி. விலை 40க்கு ஏறியாச்சுன்னு வெச்சுக்கோங்க, மாசம் 5,000 வீதம் அந்தப் பாக்கி தீர ஆறு மாசம், வட்டி தனி. நியூஸ்ல "எண்ணெய் ரெண்டு மடங்காச்சு"ன்னு போடுவான், உங்க அக்கவுண்ட்ல ஆறு மாசமா ஒண்ணும் இருக்காது. நான் கணக்குல பேரலைக் குறைக்கக்கூட இல்ல. 2020 மே மாசம் விலை கட்டுப்படியாகாம நிறைய கிணத்தை மூடியே வெச்சாங்க, மூடினாலும் சில செலவு ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

அந்தத் தம்பிக்கு ஜூலையில வந்தது டிரஸ்ட்டியோட ஒரு பக்க அறிவிப்பு மட்டும்தான்: இந்த மாசம் டிஸ்ட்ரிபியூஷன் இல்ல.

அந்த அறிவிப்பு ரகசியம் ஒண்ணும் இல்ல, மாசா மாசம் வெளியிடறாங்க. எந்த மாச உற்பத்தி, எத்தனை பேரல், சராசரி விலை என்ன, செலவு எவ்ளோ, எக்ஸஸ் காஸ்ட் பாக்கி இருக்கா, எல்லாம் பெரும்பாலும் அதுலயே இருக்கும். ஈல்டு பார்க்கிற நேரத்துல அதைப் படிச்சா போதும், அன்னைக்கு எண்ணெய் விலையைப் போட்டு நீங்களே ஒரு பேப்பர்ல அடுத்த மூணு மாசத்தைக் கணக்கு பண்ணிடலாம்.

எல்லா டிரஸ்ட்டும் இப்படி இல்லைங்கிறதையும் சொல்லணும். சபைன் மாதிரி நேரடி ராயல்டி வெச்சிருக்கிறதுல எண்ணெய் எடுக்கிற செலவு டிரஸ்ட் தலையில விழாது, அதனால இந்தத் துண்டுக் கணக்கே அங்க கிடையாது. 2020ல அவங்க டிஸ்ட்ரிபியூஷன் சுருங்கிச்சு, ஆனா மாசா மாசம் ஏதோ ஒண்ணு வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. ரெண்டுமே "ராயல்டி டிரஸ்ட்"னுதான் பேர் போட்டிருக்கும். உள்ள என்ன இருக்குன்னு வருஷாந்திர ஃபைலிங்ல முதல் சில பக்கத்துலயே எழுதியிருக்கும், யாரும் திறக்கிறதில்ல.

மைனஸ் 37 டாலரைப் பார்த்து பீதியானது

2020 ஏப்ரல் 20, டபிள்யூடிஐ மே மாச ஃப்யூச்சர்ஸ் (மே மாசம் எண்ணெய் டெலிவரி எடுக்கிற ஒப்பந்தம்) மைனஸ் 37.63ல முடிஞ்சுது. அடுத்த நாள் அந்த ஒப்பந்தம் முடியுது, டெலிவரி நடக்கிற இடமான ஓக்லஹோமா குஷிங்ல சேமிப்பு டேங்க் எல்லாம் நிரம்பி வழியற நிலைமை, எண்ணெயை எடுத்துட்டுப் போய் வைக்க இடமில்லாதவன் காசு கொடுத்துக் கழட்டி விட்டான். டிரஸ்ட் வருமானம் அந்த ஒரு நாள் விலையில போறதில்ல, மாசம் முழுக்க நிஜமா வித்த விலையில போகும். அன்னைக்கு பயந்து வித்தவங்களும் உண்டு, அதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஈல்டு பார்த்து வாங்கின அதே ஆளுங்க.

ஆபரேட்டர் யாருன்னே தெரியாம வாங்கறது

வைட்டிங், செசபீக் ரெண்டும் அமெரிக்க எண்ணெய், கேஸ் கம்பெனிங்க. வைட்டிங் 2020 ஏப்ரல் 1 திவால் மனு, செசபீக் ஜூன் 28. ரெண்டு பேர் பேர்லயும் டிரஸ்ட் இருந்துச்சு.

திவால் கூட வேண்டாம், ஆபரேட்டர் நல்லா இருந்தாலே பிரச்சனை வரலாம். நெட் ப்ராஃபிட்ஸ் டிரஸ்ட்ல, புதுசா கிணறு தோண்டணும்னு அவன் முடிவு பண்ணா செலவுல உங்க பங்கும் பிடிப்பான், உங்களுக்கு ஓட்டு கிடையாது. சான் வான் பேசின்ல 2024ல இதனாலதான் டிஸ்ட்ரிபியூஷன் நின்னுச்சு, கூடவே கேஸ் (இயற்கை எரிவாயு) விலையும் மட்டமா இருந்துச்சு.

கேஸ் டிரஸ்ட்டை எண்ணெய் டிரஸ்ட்டுன்னு வாங்கறது

சான் வான்ல வர்றது பெரும்பாலும் கேஸ். எண்ணெய் விலை ஏறினாலும் அதோட வருமானம் பெருசா ஏறாது.

எப்ப முடியும்னு பார்க்காம வாங்கறது

டிரஸ்ட்டுக்கு சாவு தேதி உண்டு. சிலதுல நேரடியாவே எழுதியிருக்கும்: எம்வி ஆயில் டிரஸ்ட்டுக்கு 2026 ஜூன் 30, இல்லேன்னா குறிப்பிட்ட அளவு எண்ணெய் எடுத்து முடிக்கிறது, ரெண்டுல எது பிந்துதோ அது. முடிஞ்சா போட்ட அசல் திரும்ப வராது. அதனால இதுல வர்ற காசு மொத்தமும் வருமானம் இல்ல, ஒரு பகுதி உங்க அசலே கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு வர்றது.

சிலதுல தேதி இருக்காது, நிபந்தனை இருக்கும். அலாஸ்காவுல பிபி ப்ரூடோ பே டிரஸ்ட் பாருங்க. ஒரு பேரலுக்கு டபிள்யூடிஐ விலையில இருந்து ஒப்பந்தத்துல நிர்ணயிச்ச செலவையும் வரியையும் கழிச்சாதான் ராயல்டி. அந்தச் செலவு வருஷா வருஷம் ஏறும், அது மேல பணவீக்கமும் சேரும். 2020 வாக்குல அது 50 டாலரைத் தாண்டியிருந்துச்சு, அதனால பெருந்தொற்று வந்ததும் காசு நின்னுச்சு. அப்புறம் எண்ணெய் ஏறினப்ப திரும்ப வந்துச்சு, "பாத்தியா மீண்டுருச்சு"ன்னு வாங்கினாங்க. ஆனா செலவுக் கணக்கும் கூடவே ஏறிக்கிட்டு இருந்ததை யாரும் பார்க்கல. தொடர்ந்து ரெண்டு வருஷம் வருமானம் 10 லட்சம் டாலருக்குக் கீழ போனா டிரஸ்ட் கலையணும்னு பத்திரத்துல இருக்கு. 2023ம் 2024ம் அப்படிப் போச்சு, அந்த ரெண்டு வருஷமும் எண்ணெய் சராசரி 75 டாலருக்கு மேல. 2024 டிசம்பர் 31ஓட கதை முடிஞ்சுது.

வரி

டிப்ளீஷன் கணக்கை (எண்ணெய் தீரத் தீர அசல்ல கழிச்சுக்கிற தொகை) வருஷா வருஷம் போட்டு வாங்கின விலையைக் குறைச்சு எழுதி வெச்சுக்கோங்க, விக்கிறப்ப மொத்தமா உக்காந்து தேடினா கிடைக்காது.