மானிடவியல் படிப்பு: சேரும்போதும் களத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மானிடவியலில் முதுகலை சேர வருபவர்களிடம் ஏன் இந்தப் பாடம் என்று கேட்டால், ஒரு சாரார் கீழடி என்பார்கள். மறு சாரார் குடிமைப்பணித் தேர்வு என்பார்கள். இரண்டு காரணங்களுமே ஏமாற்றத்தில் கொண்டுபோய் விடக்கூடியவை. இந்தியப் பல்கலைக்கழகங்களில் தொல்லியல் பெரும்பாலும் தனித்துறையாகவோ வரலாற்றுத் துறையின் பகுதியாகவோ இருக்கிறது. மானிடவியல் துறையில் கற்பிக்கப்படுவது, திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரி போன்ற கற்காலச் சான்றுகளோடு பெரும்பாலும் நின்றுவிடும். குடிமைப்பணித் தேர்விலோ, மானிடவியலை விருப்பப் பாடமாக எடுப்பதற்கு அதில் பட்டம் பெற்றிருக்க வேண்டிய அவசியமே இல்லை. பொறியியல் படித்தவர்கள்கூட எடுக்கிறார்கள். இரண்டு தாள்களுக்கான 500 மதிப்பெண்ணுக்காக மட்டும் இரண்டு ஆண்டுகளை வகுப்பில் கழித்தவர், தேர்வு கைகூடாதபோது வெறுங்கையோடு நிற்க நேரிடும்.

கலைப்பிரிவிலிருந்து வருபவர்கள், மனித உடலையும் மரபணுவையும் ஆராயும் உடல்சார் மானிடவியலிலும் புள்ளியியலிலும் தேர்ச்சி பெற்றால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்த காலத்தோடு அந்த வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணமும் இதற்கு ஒரு காரணம். அது முடியவில்லை. இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவில் வளையச் செய்யும் அரிவாள் செல் மரபணு நீலகிரிப் பழங்குடியினரிடம் இருப்பது 1952-இல் கண்டறியப்பட்டது. அது தொடர்பான சுகாதாரப் பணிகள் இன்றும் நடக்கின்றன. குழந்தைகளின் ஊட்டச்சத்து ஆய்வுக்கும், எலும்பைக் கொண்டு இறந்தவரின் வயதைக் கணிக்கும் தடயவியலுக்கும் பாடத்தின் இந்தப் பகுதிதான் வாசல்.

எனினும் பெரிய தவறுகள் களப்பணியில்தான் நேர்கின்றன. வினாப்பட்டியலை நிரப்புவதே களப்பணி என்று நானும் நினைத்திருந்தேன். மாணவனாக இருந்தபோது, செங்கல்பட்டுப் பக்கம் ஓர் இருளர் குடியிருப்பில் ஒரு பெண்மணியிடம், “மாச வருமானம் எவ்வளவும்மா?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அறுவடை முடிந்தால் வயலில் எலி பிடிக்கும் கூலி, பிறகு செங்கல் சூளையில் வாங்கிய முன்பணத்தைக் கழிக்கும் வேலை என்று ஓடும் அவருடைய ஆண்டில், மாதக் கணக்குக்கு இடமே இல்லை. நான் கட்டத்தில் ‘தெரியாது’ என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் ஆய்வேடு எழுதியிருக்க வேண்டும் என்பது, ஊர் திரும்பி மூன்று மாதம் கழித்துத்தான் உறைத்தது. ஊராட்சித் தலைவரின் வண்டியில் போய் இறங்குவதும் இதே வகைத் தவறு. குடும்ப அட்டைக்கோ வீட்டு மனைப் பட்டாவுக்கோ கணக்கெடுக்க வந்தவர் என்று நினைப்பவர்கள், அதற்கேற்ற பதிலைத்தான் சொல்வார்கள்.

குறிப்புகளை அன்றிரவே விரித்து எழுதாமல் விடுவதும், எழுதியதை ஒரே இடத்தில் வைப்பதும் பின்னால் ஈடுசெய்ய முடியாதவை. 1948-இல் மைசூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றில் களப்பணி செய்த மானிடவியலாளர் எம். என். ஸ்ரீநிவாஸ், தம் குறிப்புகளைத் தொகுத்து மூன்று படிகள் வைத்திருந்தார். 1970-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அவருடைய அறைக்குத் தீ வைக்கப்பட்டபோது மூன்றும் அங்கேயே இருந்தன, மூன்றும் எரிந்தன. நினைவிலிருந்தே நூல் எழுதிவிட அவரால் முடிந்தது. நம்மில் எத்தனை பேரால் முடியும்?

வேலை தேடும்போது ‘மானிடவியலாளர் தேவை’ என்ற விளம்பரத்துக்காக மட்டும் காத்திருப்பது வீண். அப்படி அழைக்கும் இடங்கள், கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மானிடவியல் ஆய்வகம், உதகையில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையம், அருங்காட்சியகங்கள் எனச் சிலவே. கல்லூரி ஆசிரியப் பணிக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் என்ற தகுதித் தேர்வும் வேண்டும். ஆனால் 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் கேட்கும் சமூகத் தாக்க மதிப்பீடு, பொதுச் சுகாதாரத் திட்டங்கள், ஒரு பொருளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும் பயனர் ஆய்வு நிறுவனங்கள் ஆகியவற்றில், மக்களோடு தங்கிக் கேட்கத் தெரிந்தவருக்கு வேலை வேறு பெயரில் இருக்கிறது. விண்ணப்பத்தில் ‘இருளர் வாழ்வியல்: ஓர் ஆய்வு’ என்று தலைப்பை மட்டும் எழுதினால் வேலை தருபவர்களுக்கு ஒன்றும் புரியாது, எத்தனை நாள் தங்கினீர்கள், எத்தனை வீடுகளில் பேசினீர்கள், எதை எப்படிப் பதிவு செய்தீர்கள் என்பதை அந்தத் தலைப்புக்குக் கீழே இரண்டு வரியில் எழுதுங்கள்.